5, 12, மறுபடியும் 5: ஒரு தீப்பெட்டியின் வரிக்கணக்கு

கோவில்பட்டியிலிருந்து மேற்கே, கரிசல் காட்டை ஊடறுத்துப் போகும் சாலையில் இருக்கிறது இளையரசனேந்தல். பழைய ஜமீன் ஊர். வெகுகாலம் அது சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலி மாவட்டம். 2008-ல் இளையரசனேந்தல் பிர்காவை அப்படியே எடுத்துக் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்தார்கள். அதனால் வருவாய்த் துறைக்கு அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. ஆனால் பிர்காவிலுள்ள 12 ஊராட்சிகளும் பழைய குருவிகுளம் ஒன்றியத்திலேயே விடப்பட்டன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது குருவிகுளம் ஒன்றியம் தென்காசியோடு போனது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சி வேலைக்கு இன்னொரு மாவட்டம் என்று ஊர் இரண்டுக்கும் நடுவில் நின்றது. "எங்களை ஒரே பக்கம் சேருங்கள்" என்று மக்கள் மனுவும் போராட்டமுமாகப் பல வருஷம் கேட்டார்கள்.

வரியைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஊர் எல்லையைப் பற்றி ஏன் இவ்வளவு? காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒருவர் சின்னதாக ஒரு தொழில் தொடங்கினால், அவர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு வரி?" என்பதல்ல, "யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?" என்பதுதான். ஆட்சி ஆடும் காலத்தில், சட்டம் மாறும் காலத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது இன்னும் கடினம். 2016-லிருந்து இங்குள்ள தீப்பெட்டி ஆபீஸ்களும், கடலை மிட்டாய் அடுப்படிகளும், சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிகளும் அதைத்தான் அனுபவித்துவருகின்றன.

தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். "ஆபீஸுக்குப் போறேன்" என்று ஒரு பெண் சொன்னால், சட்டத்தில் குச்சி அடுக்கவோ பெட்டியில் குச்சி அடைக்கவோ போகிறார் என்று அர்த்தம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், திருவேங்கடம் என்று நீளும் இந்த வறண்ட நிலம்தான் நாட்டுக்கு வேண்டிய தீப்பெட்டியில் பெரும்பங்கைக் கொடுக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மழை பொய்த்து, பருத்தியும் உளுந்தும் கைவிட்ட வருஷங்களில் வீட்டில் உலை கொதித்தது இந்த ஆபீஸ் கூலியில்தான்.

இந்தத் தொழிலுக்கும் வரிக்கும் உள்ள உறவு பழையது. 1920-களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். தொழில் வேர்விடும் முன்பே, 1934-ல், பிரிட்டிஷ் அரசு தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளை உற்பத்தி அளவை வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். சின்ன ஆலைக்குக் குறைந்த வரி, பெரிய ஆலைக்குக் கூடுதல் வரி. ஸ்வீடன் முதலீட்டில் வந்த விம்கோ போன்ற இயந்திரக் கம்பெனியிடமிருந்து கைத்தொழிலைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் விளைவு வேறு மாதிரி ஆனது. வளர வேண்டிய ஆபீஸ் வளராமல், மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று துண்டு துண்டாகப் பிரிந்தது. வரிப் பட்டியலின் ஒரு வரி, சுவர் எங்கே எழ வேண்டும், எத்தனை பேர் ஒரு கூரையின் கீழ் உட்கார வேண்டும் என்பதைக்கூடத் தீர்மானித்தது.

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதும் அதேதான் நடந்தது. கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம். மற்றதற்கு 18. எது கையால் செய்தது? அறிவிப்பில் ஐந்து வேலைகளைக் குறிப்பிட்டிருந்தார்கள்: சட்டத்தில் குச்சி அடுக்குவது, குச்சியின் தலையை மருந்தில் முக்குவது, பெட்டியில் குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது. இந்த ஐந்தில் எதையும் மின்சாரத்தின் உதவியோடு செய்யக் கூடாது. ஒன்றுக்கு மோட்டார் போட்டாலும் 18.

கோவில்பட்டி வட்டாரத்தில் இருந்தவை பெரும்பாலும் பகுதி இயந்திர ஆபீஸ்கள். குச்சி முக்குவதற்கு மட்டும் மெஷின் வைத்துக்கொண்டு, பெட்டி அடைப்பதைப் பெண்கள் கையால் செய்வார்கள். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் இவர்கள் கைத்தொழில்காரர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். வரி என்று பார்த்தால் முழு இயந்திரக் கம்பெனிக்கு அருகில் நிறுத்தப்பட்டார்கள். 5-க்கும் 18-க்கும் நடுவில் 13 சதவீதப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் மெஷின் சரக்கைக் கைச்சரக்கு என்று பில் போட்டு விற்கும் வழக்கம் புகுந்துகொண்டது. நேர்மையாக 18 கட்டியவருக்கு வடமாநிலச் சந்தையில் விலை கட்டவில்லை. பகுதி இயந்திர உற்பத்தியாளர்கள் தங்களுக்கும் வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இந்த வரிப் பட்டியல்கள் பேசி முடிவான மாதங்களில் தமிழ்நாடு எப்படி இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது அவசியம்.

ஜெயலலிதா இருந்தவரை தமிழக அரசு ஜி.எஸ்.டி.யை வெளிப்படையாக எதிர்த்தது. பொருளைச் செய்யும் மாநிலத்துக்குப் போகாமல், அது நுகரப்படும் மாநிலத்துக்கு வரி போவதால் தமிழ்நாட்டுக்கு நட்டம் என்பது வாதம். 2016 ஆகஸ்ட் 3-ம் தேதி மாநிலங்களவையில் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முதல் கூட்டம் டெல்லியில் கூடியது அந்த ஆண்டு செப்டம்பர் 22, 23 தேதிகளில். அதே 22-ம் தேதி இரவுதான் ஜெயலலிதா சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம். வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய ஆபீஸ்களில் சில்லறை இல்லாமல் சனிக்கிழமைகள் தள்ளிப்போயின. டிசம்பர் 5-ல் முதல்வர் மறைவு. 2017 பிப்ரவரி 7-ல் ஓ.பன்னீர்செல்வத்தின் கலகம், எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி, 14-ம் தேதி சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 16-ம் தேதி எடப்பாடி பழனிசாமியின் பதவியேற்பு. 18-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. சட்டமன்றத்தில் தி.மு.க. உறுப்பினர்கள் தூக்கி வெளியேற்றப்பட்ட அந்த 18-ம் தேதி, ராஜஸ்தானின் உதய்ப்பூரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 10-வது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மாநிலங்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் வரைவு அங்கேதான் ஒப்புதல் பெற்றது.

நிதித்துறையும் ஒரு கையில் நிற்கவில்லை. பன்னீர்செல்வத்திடமிருந்து டி.ஜெயக்குமாருக்கு, ஆகஸ்டில் இரண்டு அணிகள் இணைந்ததும் மீண்டும் பன்னீர்செல்வத்துக்கு. நடுவில், 2017 ஜூன் 19-ல், தமிழ்நாடு ஜி.எஸ்.டி. சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அமலுக்கு வர மீதமிருந்தது 12 நாள்.

இதை வைத்து "அரசியல் குழப்பத்தால்தான் தீப்பெட்டிக்கு 18 வந்தது" என்று எழுதினால் அது நியாயமாகாது. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். அங்கே தமிழ்நாடு பல குரல்களில் ஒரு குரல்தான். கைத்தொழிலுக்கு 5 சதவீதம் என்ற தனி வரி கிடைத்ததும் உண்மை. ஆனால் நுணுக்கமான விஷயங்களைப் பேசி வாங்க, கோப்பை முதலிலிருந்து படித்த ஓர் அமைச்சர் வேண்டும். அவரிடம் தொழில் சங்கங்கள் நிதானமாக உட்கார்ந்து பேசி, "மெஷினில் முக்கினாலும் எங்களிடம் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள்" என்று விளக்க நேரம் வேண்டும். அந்த ஒன்பது மாதமும் சென்னையில் எல்லாருடைய கவனமும் நாற்காலியில் இருந்தது.

கடலை மிட்டாயின் கதையைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாரும் கொண்டாடினோம். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2017 ஜூலையில், வெல்லப்பாகும் கடலையும் கலந்த இந்தத் தின்பண்டத்தை மற்ற சர்க்கரை மிட்டாய்களோடு சேர்த்து 18 சதவீதத்தில் வைத்திருந்தார்கள். நவம்பர் 10-ம் தேதி குவாஹாட்டியில் கூடிய 23-வது கூட்டத்தில்தான் கடலை, எள், பொரி மிட்டாய் வகைகளை 5-க்கு இறக்கினார்கள். 15-ம் தேதி அது அமலுக்கு வந்தது. நான்கரை மாதம். பெரிய கம்பெனிக்கு அது ஒரு காலாண்டு அறிக்கையின் கோடு. மூன்று அடுப்பு வைத்து நடத்துபவருக்கு அது ஆடியும் புரட்டாசியும் தீபாவளியும். அந்த நான்கரை மாதத்தில் போன வியாபாரத்தை 5 சதவீதம் திருப்பித் தராது.

வரி விகிதத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அதுவரை பெரும்பாலான சிறு உற்பத்தியாளர்களுக்கு ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் விற்றுமுதல் வரை மத்திய உற்பத்தி வரியே கிடையாது. ஜி.எஸ்.டி.யில் அந்த வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கியது. பொருள் விற்பவர்களுக்கு 40 லட்சமாக உயர்ந்தது 2019 ஏப்ரலில்தான். 'காம்போசிஷன்' என்ற எளிய திட்டம் ஒன்று உண்டு. விற்பனையில் ஒரு சிறு சதவீதம் கட்டிவிட்டால் போதும். ஆனால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புபவருக்கு அது கிடையாது. வடக்கே ஒரு பண்டல் அனுப்பினாலும் முறையான பதிவு எடுத்தாக வேண்டும். தீப்பெட்டியின் சந்தையே வடக்குதான் என்னும்போது, எளியவர்களுக்கென்று போட்ட கதவு இந்தத் தொழிலுக்குத் திறக்கவில்லை.

மாதம் மூன்று ரிட்டர்ன் என்று தொடங்கினார்கள். இணையதளம் தாங்கவில்லை. மூன்றில் இரண்டை நிறுத்தி வைத்தார்கள். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்றார்கள். முதல் மாதங்களுக்குத் தள்ளுபடி செய்தார்கள். அக்டோபர் கணக்கிலிருந்து 50 ஆக்கினார்கள். கடைசித் தேதிகள் நீண்டுகொண்டே போயின. இந்தச் சலுகைகள் எல்லாம் தேவைப்பட்டவைதான், அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சலுகையும் ஓர் அறிவிப்பு. ஒவ்வொரு அறிவிப்பையும் படித்துச் சொல்ல ஆடிட்டர் வேண்டும். இளையரசனேந்தலிலிருந்து ஆடிட்டரைப் பார்க்க கோவில்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டும்.

2020 மார்ச் 14-ம் தேதி நடந்த கவுன்சிலின் 39-வது கூட்டத்தில் தீப்பெட்டிக் குழப்பத்துக்கு ஒரு முடிவு வந்தது. கை, மெஷின் என்ற பேதம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம். பகுதி இயந்திரக்காரர்களுக்கு 18-லிருந்து 12, நிம்மதி. முழுக்கக் கையால் செய்தவர்களுக்கு 5-லிருந்து 12, அடி. பொய் பில்லுக்கு வழி அடைந்தது என்பதால் இந்த முடிவில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அமலுக்கு வந்த தேதி ஏப்ரல் 1. மார்ச் 25-ம் தேதியே நாடு முழுக்க ஊரடங்கு. புதிய வரியின் முதல் நாளில் ஆபீஸ்களின் கதவு பூட்டியிருந்தது.

அடுத்த வருஷம் மூலப்பொருள் விலை ஏறியது. கிலோ 425 ரூபாய்க்கு வாங்கிய சிவப்பு பாஸ்பரஸ் 810 ஆனது. 58 ரூபாய் மெழுகு 80 ஆனது. அட்டை விலையும் கூடியது. 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் 270 முதல் 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது, கட்டுப்படியாகவில்லை. சிவகாசியில் கூடிய உற்பத்தியாளர் சங்கங்கள், 2021 டிசம்பர் 1 முதல் பெட்டி விலையை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆக்குவதென்று முடிவு செய்தன. 2007-ல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆன பிறகு 14 வருஷம் கழித்து வந்த முதல் விலையேற்றம் அது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் ஏறாத பொருள் எது இருக்கிறது?

அதே டிசம்பரில் சங்கரன்கோவில் தறிக்காரர்களின் நெஞ்சு வேறு காரணத்துக்காக அடித்துக்கொண்டது. 2021 செப்டம்பர் 17-ல் லக்னோவில் கூடிய கவுன்சில், துணிக்கான வரியை 5-லிருந்து 12 ஆக்கி, 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று முடிவு செய்திருந்தது. திருப்பூர், சூரத் என்று நாடெங்கும் எதிர்ப்பு. பொங்கல் சரக்கை எந்த விலைக்குப் பேசுவது? 5 என்று பேசி 12 ஆகிவிட்டால் மீதி 7 யார் தலையில்? டிசம்பர் 31-ம் தேதி கவுன்சில் அவசரமாகக் கூடி அந்த உயர்வை நிறுத்தி வைத்தது. விடிந்தால் அமல் என்ற நிலையில் வந்த முடிவு. வரி ஏறவில்லை. ஆனாலும் மூன்றரை மாதம் ஏறப்போகிற வரிக்கு அஞ்சி ஆர்டர் பேசிய, நிறுத்திய, விலை குறைத்துத் தள்ளிய கணக்கு எந்த அரசுப் புள்ளிவிவரத்திலும் வராது. தறி ஓட்டுபவருக்குக் கூலி கிடைப்பது ஓடிய தறிக்கு மட்டும்தான்.

விகிதம் 5-ஆ 12-ஆ என்பதைவிட, அடுத்த மாதம் அது என்னவாக இருக்கும் என்று தெரியாததுதான் சிறு தொழிலை அதிகம் நோகடிக்கிறது என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான். 12 என்றால் 12-க்கு ஏற்ப விலை வைக்கலாம், கூலி பேசலாம், கடன் வாங்கலாம். தெரியாத ஒன்றுக்கு விலை வைக்க வழியில்லை.

நல்ல மாற்றம் வரும்போதும் இதே சிக்கல் உண்டு. 2025 ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையில் பிரதமர் ஜி.எஸ்.டி. குறைப்பை அறிவித்தார். செப்டம்பர் 3-ல் 56-வது கவுன்சில் கூட்டம் முடிவெடுத்தது. தீப்பெட்டி 12-லிருந்து 5-க்கு இறங்கியது. அமல், செப்டம்பர் 22. வட்டாரம் முழுக்க வரவேற்றது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஐந்து வாரம் இருக்கிறது. "அண்ணாச்சி, வரி குறையப் போகுதாம்ல, லோடை அடுத்த மாசம் ஏத்துங்க" என்று ஏஜெண்ட் சொன்னால் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? சரக்கு குடோனில் நிற்கும். வாரக் கூலி நிற்காது.

இறங்கிய வரி யாருக்குப் போகிறது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பண்டல் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் என்றால் வரி 54 ரூபாய். 5 சதவீதம் என்றால் 22 ரூபாய் 50 காசு. மிச்சம் 31 ரூபாய் 50 காசு. அதை 600 பெட்டிக்குப் பிரித்தால் பெட்டிக்கு 5 காசு சொச்சம். 2 ரூபாய் பெட்டியில் 5 காசைக் குறைத்துக் கொடுக்கும் காசே புழக்கத்தில் இல்லை. ஆகவே அந்த மிச்சம் மொத்த வியாபாரிக்கும் உற்பத்தியாளருக்கும் நடுவில் நடக்கும் பேரத்தில்தான் தங்கும். பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதுதான் முக்கியம். மெழுகுக்கும் ரசாயனங்களுக்கும் வரி 18 சதவீதம். எளிமைக்காக, அந்த 450 ரூபாய்ப் பண்டலுக்கு 250 ரூபாய்க்கு 18 சதவீதச் சரக்கு வாங்கியதாக வைத்துக்கொண்டால், வாங்கும்போதே 45 ரூபாய் வரி கட்டியாயிற்று. விற்பனை வரி 54-ஆக இருந்தபோது, 45-ஐக் கழித்து 9 ரூபாய் அரசுக்குக் கட்டினால் போதும். விற்பனை வரி 22.50 ஆனதும், கட்டிய 45-ல் பாதி அரசிடம் தங்கிவிடுகிறது. ஆயிரம் பண்டலுக்கு 22,500 ரூபாய். இதைத் திரும்ப வாங்க வழி உண்டு. தலைகீழ் வரி அமைப்புக்கான ரீஃபண்ட் என்று விண்ணப்பம் போட வேண்டும். 90 சதவீதத்தை முன்கூட்டியே தற்காலிகமாகக் கொடுத்துவிடுவது என்றும் அதே 56-வது கூட்டத்தில் முடிவானது. நல்ல முடிவு. ஆனால் இந்த ரீஃபண்ட் வாங்கிய பொருளின் வரிக்கு மட்டும்தான். லாரி வாடகை, மெஷின் பழுது போன்ற சேவைகளுக்குக் கட்டிய வரியும், மெஷின் வாங்கிய வரியும் இதில் வராது. வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் 2021 செப்டம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது.

ஆக, வரி குறைந்தது என்ற செய்தியோடு கூடவே, ரீஃபண்ட் விண்ணப்பம் போடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே ஒரு புதிய இடைவெளியும் வந்திருக்கிறது. ஆடிட்டர் வைத்திருக்கும் ஆபீஸ் பிழைத்துக்கொள்ளும். இருபது பேரை வைத்து நடத்தும் ஆபீஸ்?

வரியில் மட்டும் இல்லை இந்த முன்பின் ஆட்டம். 2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளில் தொழில், வணிகம் செய்வோர் உரிமம் எடுக்க வேண்டும் என்ற விதி பெரிய விவாதமானது. டீக்கடையும் இஸ்திரிக் கடையும் உரிமத்துக்கு அலைய வேண்டுமா என்று எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதை நிறுத்தி வைத்தது. இளையரசனேந்தல் போன்ற ஊரில் இந்த உரிமத்துக்கு ஒன்றியம் ஒரு மாவட்டம், தாலுகா இன்னொரு மாவட்டம் என்ற சிக்கலும் சேர்ந்திருக்கும். அதே மாதம் பெங்களூருவில், யு.பி.ஐ.யில் வாங்கிய பணத்தைக் கூட்டிப் பார்த்து பேக்கரிகளுக்கும் காய்கறிக் கடைகளுக்கும் வரி நோட்டீஸ் போனது. பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கியது. முதல்வர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசிய பிறகே சூடு தணிந்தது.

அரசியலும் வரியும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் உலுக்க முடியும் என்பதற்குக் கடலைத் தாண்டி ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் கோட்டாபய ராஜபக்ச பதவிக்கு வந்ததும், 2019 டிசம்பரில், வாட் வரி 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. பதிவு வரம்பு ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்கு ஏறியது. சிறு கடைக்காரர்கள் வரி வலையிலிருந்து ஒரே நாளில் வெளியே வந்தார்கள். 2022-ல் கஜானா காலியாகி, மக்கள் தெருவில் இறங்கி, ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போன அதே ஆண்டில் வாட் 12 ஆனது, செப்டம்பரில் 15 ஆனது. 2024 ஜனவரியில் 18. பதிவு வரம்பு 8 கோடிக்கு இறங்கி, பிறகு 6 கோடி ஆனது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நடுத்தர அளவில் கடை நடத்தியவர் நான்கு வருஷத்தில் வரிக்கு வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, முன்னிலும் கூடிய விகிதத்தில் பில் போட்டார். குறைத்தபோது யாரும் அவரைக் கேட்கவில்லை. கூட்டியபோதும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. பிளாஸ்டிக் லைட்டர்கள் தீப்பெட்டிச் சந்தையை அரித்துக்கொண்டிருப்பதை உற்பத்தியாளர்கள் விடாமல் சொன்னார்கள். 2022-ல் முதல்வர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29-ல், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். அதையும் சொன்னார்கள், 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. கட்சி வேறு, அரசு வேறு என்றிருந்தும், சொல்வதற்கு ஆளும் கேட்பதற்கு ஆளும் இருந்ததால் நடந்தது இது.

ஆகவே கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. வரி விகித மாற்றம் எதுவானாலும் நிதியாண்டின் முதல் நாளில் மட்டும் அமலுக்கு வரட்டும். மூன்று மாதம் முன்பே தேதியோடு அறிவிக்கட்டும். விலைவாசி நெருக்கடி, பேரிடர் என்றால் மட்டும் விலக்கு. ரீஃபண்ட் விண்ணப்பத்துக்கு உதவும் முகாம் கோவில்பட்டியிலும் சங்கரன்கோவிலிலும் மாதம் ஒருநாள் நடக்கட்டும், தமிழில் நடக்கட்டும். கவுன்சிலுக்குப் போகும் அமைச்சர் யாராக இருந்தாலும், எந்த ஆட்சியாக இருந்தாலும், போவதற்கு முன் இந்த வட்டாரத்துச் சங்கங்களை ஒருமுறை கூட்டிக் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆட்சி மாறலாம். கேட்கும் முறை மாறக் கூடாது.

தொழில் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைகீழ் வரி ரீஃபண்டுக்கு இரண்டு வருஷம்தான் கெடு. அந்த மாத ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து எண்ண வேண்டும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 2025 அக்டோபர் கணக்கின் கெடு 2027 நவம்பர் 20. மெழுகும் மருந்தும் வாங்கிய பில்களைத் தனியாக எடுத்து வையுங்கள், ஆடிட்டரிடம் இந்தத் தொகை எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள், விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அது உங்கள் பணம்.